அலுமாரிக்குள் 'எல்' போர்ட்



எழுத்துப் பரீட்சையில் சித்தியடைந்து, பயிலுனர் அனுமதிப்பத்திரமும் கிடைத்துவிட்டது. அது இப்போது அலுமாரியில் சேலைகளுக்கு அடியில். "மூன்று மாதம் கழித்துத்தானே ட்ரயல்?" என்கிறீர்கள். அந்த மூன்று மாதம் சும்மா இருப்பதற்கல்ல, ஓடிப் பழகுவதற்கு. பத்திரத்தில் முடிவுத் திகதி ஒன்றும் இருக்கிறது, பார்த்தீர்களா?

கணவர் கட்டாரில். உம்மாவுக்கு மாதா மாதம் கிளினிக். ஒவ்வொரு முறையும் ஓட்டோ தேடி அலைவது யார்? நீங்கள்தானே.

விடிகாலையில் உட்துறைமுக வீதியில் பழகுங்கள். கோட்டைப் பக்கத்து மான்களுக்கு மட்டும் ஹோன் கேட்காது! நடுவீதியில் நின்று நம்மையே பார்க்கும். பிரேக்கில் கால் வைத்துப் பொறுமையாக நிற்கப் பழக்குவதற்கு அவற்றைவிட நல்ல ஆசிரியர் இல்லை. மேட்டில் நிறுத்திப் புறப்படத்தான் பலருக்கும் பயம். கிளச்சை மெல்ல மெல்ல விடுங்கள். வண்டி லேசாக அதிரும்போது கைப்பிரேக்கை இறக்குங்கள். பின்னால் வழுக்காது.

"பொம்பிளை கார் ஓட்டுவதா?" என்று மாமி கேட்டால், சவூதியிலேயே 2018 ஜூனில் பெண்கள் ஓட்டத் தொடங்கிவிட்டார்கள் என்று சொல்லுங்கள்.

கிண்ணியாவில் சாச்சி வீட்டுக்குப் போக முன்பெல்லாம் துறையடியில் பாதைக்குக் காத்துக் கிடந்தோம். 2009இல் பாலம் வந்தது. லைசன்ஸ் கிடைத்ததும் உம்மாவை ஏற்றிக்கொண்டு அதில் ஒருமுறை போய் வாருங்கள். அதுவரை 'எல்' போர்ட்டை முன்னும் பின்னும் கட்டி, லைசன்ஸ் உள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்தே ஓட்டுங்கள்.