ஏடு காத்தலும் இறைபணியே

சிவகிரியில் குன்றின்மேல் எழுந்தருளியிருக்கும் பாலசுப்பிரமணிய சுவாமியைத் தொழுது நிற்போர்க்கு, வேலின் பெயரைத் தாங்கிய ஒரு சிறு நூல் நினைவுக்கு வருதல் இயல்பே. அதுவே ‘வெற்றிவேற்கை’. ‘நறுந்தொகை’ என்றும் அதனை வழங்குவர். அதனை இயற்றியவர், 16ஆம் நூற்றாண்டில் இத்தென்காசிச் சீமையை ஆண்ட அதிவீரராம பாண்டியர். நைடதமும் காசி காண்டமும் பாடிய பெரும்புலவராகிய அம்மன்னர், சிறுவர் நாவிலும் நிற்கும்படி சின்னஞ்சிறு வரிகளில் அறம் உரைத்தார். இன்று முதியோராய் இருப்பவர்களுள் பலர் இளமையில் ஆத்திசூடியோடு அதனையும் ஒப்பித்திருப்பர்.

வறுமையால் பிறர் வாயிலில் நிற்க நேர்ந்தாலும் கல்வியைக் கைவிடலாகாது என்பதும், துன்பம் எத்துணை வாட்டினும் மேலோர் தம் இயல்பு திரியார் என்பதும் அந்நூலின் சாரமான கருத்துகள். பாண்டியர் மதுரையை இழந்து, தெற்கே ஒதுங்கி, சுருங்கிய நாட்டை ஆண்ட காலத்தில் பிறந்த சொற்கள் இவை. அவர்தம் அரசு மறைந்தது; அரண்மனையும் மறைந்தது. அறவுரை மட்டும் நிலைத்தது. எதனால் நிலைத்தது? தலைமுறைதோறும் எவரோ ஒருவர் ஏட்டைப் படித்தார், மற்றொருவர் படியெடுத்தார், இன்னொருவர் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தார்.

காக்கும் கைகளின் அருமையை அறிந்தவர், அதிவீரராமருக்கு ஒரு நூற்றாண்டு முற்பட்ட பராக்கிரம பாண்டியர். தென்காசியில் காசி விசுவநாதருக்குப் பெருங்கோயில் எடுத்தவர் அவர். காலத்தால் இத்திருப்பணிக்குக் குறை நேரின், அதனைச் சீர்செய்து காப்போர் எவராயினும் அவர் அடிகளில் தாம் பணிவதாகக் கல்லில் பொறித்தார். முடி தாங்கிய தலை, இன்னும் பிறவாத எளியவர்க்கும் வணங்கிற்று! பிற்காலத்தில் அக்கோயிலின் கோபுரம் சிதைந்து நெடுங்காலம் நின்றது. அடியார் முயற்சியால் புதிய ராஜகோபுரம் எழுந்து 1990ஆம் ஆண்டில் குடமுழுக்குக் கண்டது. மன்னரின் வணக்கத்தைப் பெறத் தக்கவர் பிறந்தே தீர்ந்தனர்.

கோயிலுக்கு நேர்ந்த இந்நற்பேறு எல்லா ஏடுகளுக்கும் வாய்க்கவில்லை. சிவகிரிக்கு அண்மையில் உள்ள கரிவலம்வந்தநல்லூரில், தமிழ்ப் புலமை மிக்க பாண்டிய மன்னர் ஒருவருடைய சுவடிகள் பால்வண்ணநாதர் ஆலயத்தில் உள்ளன என்று கேள்வியுற்று, மகாமகோபாத்தியாயர் உ.வே. சாமிநாதையர் ஆவலோடு அங்கே சென்றார். சுவடிகள் எங்கே என வினவினார். அவை அக்கினியில் சேர்க்கப்பட்டுவிட்டன என்று விடை கிடைத்தது. பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் எறிதல் கூடாது. நெய்யில் தோய்த்து வேள்வித் தீயில் இடவேண்டும் என்பது விதியாம். ஐயர் மனம் பதறினார். தம் வரலாற்றில் அத்துயரை எழுதியும் வைத்தார்.

அத்தீயை வளர்த்தவர்கள் தீயவர் அல்லர் என்பதே இங்கு எண்ணத்தக்கது. அவர்களிடம் பக்தி இருந்தது. ஏட்டின்மேல் மரியாதையும் இருந்தது. அதனைப் பிரித்துப் படித்துப் பார்க்கும் பொறுமை ஒன்றே இல்லாது போயிற்று.

ஐயரோ அத்துயரில் சோர்ந்து அமர்ந்துவிடவில்லை. ஊர் ஊராக, வீடு வீடாக அலைந்தார். சைவநெறியில் நின்ற அவர், சமண காவியமாகிய சீவக சிந்தாமணியை 1887இலும், சிலப்பதிகாரத்தை 1892இலும், புறநானூற்றை 1894இலும் அச்சேற்றினார். பிற சமயத்து நூல் என்று அவர் கை ஒதுக்கியதில்லை. இடரில் தளராமை, நெறியில் உறுதி, பிறர் நெறியிடத்து மதிப்பு, நூலிடத்துக் காதல் ஆகிய நான்கும் அவரிடத்து ஒன்றாய் நின்றன.

இன்று வேள்வித் தீயில் ஏடுகள் விழுவதில்லை. ஆயினும் சரசுவதி பூசையன்று சந்தனமும் குங்குமமும் இட்டு அடுக்கப்படும் நூல்கள், மறுநாள் படிக்கப்படாமலே பரணுக்குத் திரும்புகின்றன. பாட்டனார் ஓரத்தில் குறிப்பு எழுதி வைத்த திருவாசகமும், பாட்டியார் நாள்தோறும் ஓதிய கந்தர் சஷ்டி கவசமும், அவர்கள் காலத்துக்குப் பின் எடைக்குப் போகும் இல்லங்கள் எத்தனை! இல்லத்து முதியோர் மாலைதோறும் விளக்கேற்றியபின், பேரப்பிள்ளையை அருகே இருத்தி ஒரே ஒரு பக்கம் படிக்கச் செய்தால் போதும். எழுத்து மங்கியிருப்பின் பிள்ளை படிக்க, முதியவர் பொருள் சொல்லலாம். அப்பிள்ளைக்கு அது வெறும் பழங்காகிதமாய்த் தோன்றாது. பின்னாளில் தன் கையால் அதனை எடைக்குப் போடவும் மாட்டான்.

நெஞ்சில் நிறுத்த நான்கு மொழிகள்:

பணிவு, அரசன் அணியும் முடியினும் உயர்ந்தது.

இழந்ததை எண்ணி அழும் கண், எஞ்சியதைக் காணாது.

அறிவோடு கூடிய பக்தி விளக்கு. அறிவை நீங்கிய பக்தி நெருப்பு.

பூசிக்கப்படும் நூல் ஒருநாள் மணக்கும். படிக்கப்படும் நூல் பரம்பரைக்கும் மணக்கும்.