முகம் பார்த்துப் பேசுவோம்

சென்ற ஐப்பசி மாதத்தில், பண்ணைக்காட்டுப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்து வீட்டில் சிறிது நேரம் தங்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. வெளியே மூடுபனி, உள்ளே அடுப்பின் கதகதப்பு. அவ்வேளையில், வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் அவ்வீட்டு மகன் கைப்பேசியில் முகம் காட்டிப் பேசினான். மலையில் தொடர்பு சரியாகக் கிடைக்காததால் குரல் விட்டுவிட்டே கேட்டது. "நல்லா இருக்கேம்மா" என்ற சொல் மட்டுமே தெளிவாக வந்தது. தாயோ கைப்பேசியைக் கண்ணருகே கொண்டுபோய், "பொய் சொல்லாதய்யா, மொகம் வாடிக் கெடக்கு. காய்ச்சலா?" என்றாள். காய்ச்சல்தான்.

அவன் சொல் ஒன்று சொல்லிற்று. முகம் வேறொன்று சொல்லிற்று. தாய் நம்பியது முகத்தை. எந்தப் பள்ளியில் அவள் இக்கலையைக் கற்றாள்?

கற்றோரும் இதைப் பற்றி நெடுங்காலமாகச் சிந்தித்தே வந்துள்ளனர். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படும் வகைகளை எட்டாகப் பிரித்தது தொல்காப்பியம். வள்ளுவரோ 'குறிப்பறிதல்' என்ற பெயரில் இரண்டு அதிகாரங்களை அமைத்தார். அவற்றுள் ஒன்று அரசவைக்கு, மற்றொன்று காதலர்க்கு. மேலைநாட்டில் 1862-இல் துஷேன் என்னும் பிரெஞ்சு மருத்துவர், முகத்தசைகளை மின்சாரத்தால் தூண்டி ஆராய்ந்து, உண்மைச் சிரிப்பில் உதட்டோடு கண்ணைச் சுற்றியுள்ள தசையும் சுருங்கும் என்று காட்டினார். வாய் மட்டும் சிரித்தால் அது உபசாரச் சிரிப்பு! 1978-இல் எக்மன், ஃப்ரீசன் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள், முகத்தில் தோன்றும் அசைவுகளையெல்லாம் எண்ணிட்டு அட்டவணையாக்கினர்.

அந்த அட்டவணை பின்னர்ப் பெரிதும் பயன்பட்டது கணிப்பொறிக்கே. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் 1972-இல் ஃப்ரெடெரிக் பார்க் என்பவர், கணிப்பொறியால் மனித முகம் ஒன்றை வரைந்து அதை அசையச் செய்தார். மீன்வலையின் முடிச்சுகளைப் போல முகமெங்கும் புள்ளிகளை இட்டு, எந்தப் புள்ளி எப்போது எவ்வளவு நகரவேண்டும் என்று கணக்கிடுவதே அதன் சூட்சுமம். பிற்காலத்துப் பேசும் தலைகள் பல இவ்வழியில் பிறந்தவையே.

இதில் உதட்டை அசைப்பது ஓரளவு எளிது. 'படம்' என்றாலும் 'மடம்' என்றாலும் உதடுகள் ஒரேவிதமாகத்தான் மூடித் திறக்கின்றன. 'ஊ', 'ஓ' என்னும்போது குவிகின்றன. 'ழ'கரத்தின் வேலையோ நாவினுடையது. உதட்டைப் பார்த்து அதை அறிய முடியாது. ஆயினும் உதடு தவறினால் செவியும் தவறும். 1976-இல் மெக்கர்க், மெக்டொனால்டு என்போர் ஓர் அரிய உண்மையை வெளியிட்டனர். காதில் 'பா' என்ற ஒலியும், கண்முன் 'கா' என்று சொல்லும் வாயும் ஒருசேர அமைந்தால், பெரும்பாலோர்க்கு 'தா' என்றே கேட்கிறது! நாம் காதால் மட்டுமன்றிக் கண்ணாலும் கேட்கிறோம் என்பது இதனால் விளங்கும்.

கடினமானவை மற்றவையே. நாம் பேசும்போது அழுத்தமான சொல்லுக்குப் புருவம் உயர்கிறது. சொல் தேடுகையில் கண் விலகுகிறது. பேச்சை முடித்து, 'இனி நீ சொல்' என்பதுபோல் பார்வை திரும்பி வருகிறது. கேட்பவர் தலையசைக்கிறார், அந்தத் தலையசைப்பு இல்லையேல் நமக்குப் பேச்சே ஓடாது. இவற்றை இயந்திரத்துக்குக் கற்பிப்பது எளிதன்று. உருவம் மனிதனை நெருங்க நெருங்க நம் விருப்பம் கூடும். ஆனால் மிக நெருங்கியும் முழுமை எய்தாத இடத்தில் அது திடீரெனப் பள்ளத்தில் வீழ்ந்து அருவருப்பாக மாறும் என்று ஜப்பானியப் பேராசிரியர் மசாஹிரோ மோரி 1970-இலேயே எழுதினார்.

தமிழ் மக்கள் அந்தப் பள்ளத்தைத் திரையரங்கில் கண்டதுண்டு. 2014-இல் வெளிவந்த 'கோச்சடையான்' படத்தில், நடிகர்களின் அசைவைக் கருவிகளால் பதிந்து கணிப்பொறி உருவங்களுக்கு ஊட்டினர். 2009-இல் மறைந்த நாகேஷும் அதில் தோன்றினார். நம் பழனிமலைக்கு வடக்கேயுள்ள தாராபுரத்தில் பிறந்தவர் அவர். அம்மைத் தழும்பு நிறைந்த அந்த முகம், ஒரு நொடியில் நான்கு உணர்ச்சிகளைக் காட்டி நாட்டையே சிரிக்கவும் அழவும் வைத்தது. புதிய முயற்சியைப் பாராட்டியவர்களிலும் பலர், திரையில் கண்ட முகங்களில் உயிர் போதவில்லை என்று குறைப்பட்டனர்.

பத்தே ஆண்டுகளில் அப்பள்ளம் பெரிதும் தூர்ந்துவிட்டது. 2018-இல் மறைந்த கலைஞர் கருணாநிதியின் உருவமும் குரலும் 2024 ஜனவரியில் திரையில் எழுந்து உரையாற்றின. அதே ஆண்டு மே மாதத்தில், தூர்தர்ஷனின் உழவர் அலைவரிசை, செயற்கை அறிவால் அமைந்த இரண்டு அறிவிப்பாளர்களை 50 மொழிகளில் பேசவல்லவர்களாக அறிமுகம் செய்தது. பூம்பாறையிலும் மன்னவனூரிலும் பூண்டு பயிரிடும் உழவர்க்கு வானிலையும் சந்தை விலையும் தம் மொழியில் கிடைப்பது நன்மையே. செவித்திறன் குறைந்த சிறுவர்க்கு இவை ஆற்றும் தொண்டு இன்னும் பெரிது. 'பால்டி' என்ற பேசும் தலை ஒன்று அமெரிக்கப் பள்ளியொன்றில் அத்தகைய சிறுவர்க்கு ஆசிரியனாயிற்று. அதன் கன்னத்தைக் கண்ணாடிபோல் ஆக்கி, உள்ளே நா எவ்வாறு புரள்கிறது என்று காட்டவும் முடியும். மனித ஆசிரியரால் இயலாத செயலன்றோ!

ஆனால் நல்ல கத்தி திருடன் கையிலும் சேரும். 2023 ஜூலையில் கோழிக்கோட்டில், ஓய்வுபெற்ற ஒருவரைப் பழைய நண்பரின் முகமே கைப்பேசியில் அழைத்தது. உறவினரின் அறுவைச் சிகிச்சைக்கென்று 40,000 ரூபாய் கேட்டது. முகத்தைக் கண்டவர் நம்பி அனுப்பினார். மேலும் பணம் கேட்கவே ஐயுற்று, உண்மை நண்பரை அவரது எண்ணில் அழைத்தார். அவருக்கோ ஒன்றும் தெரியாது! ஆதலின் நம் குடும்பங்கள் ஒரு விதியை மேற்கொள்வது நலம். முகம் தெரிந்தாலும், பணம் என்ற பேச்சு வந்தால் தொடர்பைத் துண்டித்து, நமக்குத் தெரிந்த எண்ணில் நாமே மீண்டும் அழைக்கவேண்டும். வீட்டார் மட்டுமே அறிந்த ஏதேனும் ஒன்றைக் கேட்பதும் நன்று.

இதனினும் பெரிய கவலை நமக்கு ஒன்றுண்டு. 1970-களில் எட்வர்ட் ட்ரோனிக் என்ற உளவியலார் ஒரு சோதனை செய்தார். கைக்குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருந்த தாய், சில நிமிடங்கள் மட்டும் முகத்தில் எவ்வித அசைவும் இன்றி இருக்கவேண்டும். தாய் அருகிலேயே இருக்கிறாள். ஆனால் முகம் பதில் தரவில்லை. குழந்தை சிரித்துப் பார்த்தது. கை நீட்டி அழைத்துப் பார்த்தது. பயனில்லை என்றதும் வாடி முகத்தைத் திருப்பிக்கொண்டது. இன்று நம் வீடுகளில், பள்ளி விட்டு வந்து ஆவலோடு பேசும் பிள்ளைக்கு, கைப்பேசியில் கவிழ்ந்த முகத்தோடு நாம் 'உம்' கொட்டுவது இதற்கு ஒப்பாகாதா? இயந்திரம் முகம் காட்டக் கற்றுக்கொள்ளும் காலத்தில், நாம் முகத்தை மறைக்கக் கற்றுக்கொள்கிறோம்!

கொடைக்கானலில் சலேத் மாதா ஆலயத்துக்குச் செல்லும் நாம் ஒன்றை நினைவில் கொள்ளலாம். 1846-இல் பிரான்சு நாட்டு மலையொன்றில் ஆடுமாடு மேய்த்த சிறார் இருவர் முதலில் கண்டது, இரு கைகளாலும் முகத்தை மூடி அழுதுகொண்டிருந்த ஒரு பெண்மணியை. செய்தி பின்னரே வந்தது. கண்ணீர் முன்னரே வந்துவிட்டது.

பண்ணைக்காட்டுத் தாயிடம் விடைபெறும்போது, "தொடர்புதான் சரியில்லையே, எப்படிக் கண்டுகொண்டீர்கள்?" என்று கேட்டோம். அவள் நம்மை வியப்போடு பார்த்தாள். "இருபத்தஞ்சு வருசமாப் பாத்த மொகமில்லையா?" என்றாள். அவ்வளவு காலம் நம் பிள்ளைகளின் முகத்தை நாம் பார்த்திருக்கிறோமா? இன்றிரவு உணவு வேளையிலிருந்தேனும் தொடங்குவோம்.