அழிந்த பதிவுக்கு யார் பொறுப்பு?

காவல் நிலைய மரணங்கள் மூடி மறைக்கப்படுகின்றன. அதனால் குற்றம் தண்டனையின்றித் தழைக்கிறது. மேற்கு வங்கச் சட்ட உதவி அமைப்பின் செயல் தலைவர் டி.கே. பாசு, 1986 ஆகஸ்ட் 26-ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு எழுதிய கடிதத்தின் சாரம் இதுதான். மாநிலத்தின் காவல் மரணங்கள் பற்றிய நாளேட்டுச் செய்திகளையும் அவர் இணைத்திருந்தார். அக்கடிதமே மனுவாக ஏற்கப்பட்டு, 1996 டிசம்பர் 18-ஆம் தேதி தீர்ப்பானது. கைதுக் குறிப்பாணை, சாட்சியின் கையொப்பம், 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை என 11 கட்டளைகள் பிறந்தன.

காகிதப் பதிவு போதவில்லை. காவல் நிலையங்களிலும், சிபிஐ, அமலாக்கத் துறை போன்ற மத்திய அமைப்புகளின் அலுவலகங்களிலும் கண்காணிப்பு கேமராக்கள் பொருத்தி, பதிவுகளை 18 மாதங்கள் காக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. கேமராக்கள் இயங்காத நிலை குறித்து 2025 செப்டம்பரில் அதே நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்குப் பதிய நேர்ந்தது.

கோளாறு கருவியில் இல்லை. அது யார் கையில் இருக்கிறது என்பதில்தான் உள்ளது. வணிகர் ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் 2020 ஜூனில் உயிரிழந்த சாத்தான்குளம் சம்பவத்தில், போதிய சேமிப்பு வசதி இருந்தும் பதிவுகள் நாள்தோறும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை நீதித்துறை நடுவர் கண்டறிந்தார். பெண் தலைமைக் காவலர் ஒருவர் துணிந்து சாட்சியம் அளித்திராவிட்டால் உண்மை வெளிவருவது அரிதாகியிருக்கும். அமெரிக்காவின் சிஐஏ, 2005-இல் 92 விசாரணை ஒளிநாடாக்களை அழித்தது. 2007-இல் அது அம்பலமான பின்னும், அழித்ததற்காக எவர் மீதும் வழக்கு இல்லை.

சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997-இல் கையெழுத்திட்ட இந்தியா, இன்னும் அதற்கு ஏற்புறுதி அளிக்கவில்லை. 2010-இல் மக்களவை நிறைவேற்றிய சித்திரவதைத் தடுப்பு மசோதா, மாநிலங்களவைத் தேர்வுக் குழுவுக்குப் போய், 2014-இல் காலாவதியானது. காவலில் காயம் நேர்ந்தால் அதற்குக் காவல் அதிகாரியே காரணம் என நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்று சட்ட ஆணையம் 1985-லேயே பரிந்துரைத்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் அதற்கு இடமில்லை.

இனித் தேவை இன்னொரு வழிகாட்டுதல் அன்று. பதிவு காணாமற்போனால், அதைக் காக்கக் கடமைப்பட்ட அதிகாரியே பதில் சொல்ல வேண்டும் என்னும் ஒற்றைச் சட்டப் பிரிவு போதும். அதை நாடாளுமன்றம் இயற்றும் வரை, பதிவை அழிப்பது குற்றவாளிக்கு ஆதாயமாகவே நீடிக்கும்.