பிள்ளை கேட்கும் தாளப் பெட்டி

"டிரம் மெஷின் வாங்கித் தாங்க, அப்பா" என்கிறான் மகன். தாளம் போடும் மின்சாரப் பெட்டி அது. "படிப்பு கெட்டுவிடும்" என்கிறார் தந்தை. தாம்பரத்து வீடுகளிலும் இந்த வழக்கு உண்டு.

தந்தையின் பயம் நியாயமே. ஆனால், 1976-ல் நடந்ததை எண்ணிப் பாருங்கள். இசை அமைப்பாளர் ஆர்.கே.சேகர் இறந்தபோது, மகன் ஏ.ஆர்.ரகுமானுக்கு வயது 9. சேகர் விட்டுச்சென்ற இசைக் கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் நடந்தது!

எல்லாப் பிள்ளைகளும் ரகுமான் ஆகிவிட மாட்டார்கள். ஆகையால் கடன் வாங்க வேண்டாம். பழைய சிறு பெட்டி ஒன்று போதும். ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். "சாம்ப்ளர்" என்றால் இன்னும் வேடிக்கை. மின்சார ரெயில் சத்தத்தைப் பதிவு செய்து, அதையே தாளமாகத் தட்டலாம். பரீட்சை மாதத்தில் மட்டும் பெட்டி பீரோவுக்குள் இருக்கட்டும். இரவில் ஹெட்போன் மாட்டச் சொல்லுங்கள். அடுத்த வீட்டுக்காரரும் தூங்க வேண்டுமே!