எவருக்கு ஆகாது?

முதியோர் காணொளி பார்த்து உணவை மாற்றிக்கொள்வது பற்றிய பேச்சு எழுந்தாலே, கல்விப்புலத்தில் முதலில் ஒலிப்பது ஏளனம். 'வாட்ஸ்அப் பல்கலைக்கழகம்' என்று நகைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பொய்யான காணொளிகளே சிக்கல் என்பது இந்த ஏளனத்தின் அடிப்படை. அதை நான் மறுக்கிறேன். முதியோர்க்குப் பொய்யினும் கொடியது, பாதியில் நிறுத்தப்பட்ட உண்மை.

சோடியம் குறைந்த உப்பையே எடுத்துக்கொள்வோம். சோடியம் குளோரைடின் ஒரு பகுதிக்கு ஈடாக அதில் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கப்படுகிறது. சீனாவின் 600 சிற்றூர்களில் ஏறத்தாழ 21,000 பேரிடம் நடந்து, 2021-இல் வெளியான ஆய்வு, இவ்வுப்பு பக்கவாதத்தைக் குறைப்பதாகக் காட்டியது. எனவே 'உப்பை மாற்றுங்கள்' என்னும் காணொளி பொய்யுரைக்கவில்லை. ஆனால், தமக்கோ தம் வீட்டில் வேறு எவருக்கோ கடுமையான சிறுநீரக நோய் இருந்தோரை அவ்வாய்வு சேர்த்துக்கொள்ளவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2025-ஆம் ஆண்டுப் பரிந்துரையும் சிறுநீரகக் குறைபாடுடையோர்க்குப் பொருந்தாது. சிறுநீரகம் தளர்ந்த ஒருவர், டெல்மிசார்டானோ ஸ்பைரோனோலாக்டோனோ உட்கொண்டுவரும் நிலையில் இவ்வுப்பையும் உண்டால், இரத்தத்தில் பொட்டாசியம் மிகுந்து இதயத்துடிப்பு தடுமாறக்கூடும். அத்தகைய நிலையில் இருப்போர் பெரும்பாலும் முதியோரே. காணொளி அழைப்பதும் அவர்களைத்தான்.

கீரையும் அவ்வாறே. உறைவெதிர்ப்பு மருந்தான வார்ஃபரின் உண்பவர் திடீரெனக் கீரையை மிகுத்தால், அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேகத்தைக் குறைத்துவிடும்.

இதை நம் அளவுகோல்கள் காண்கின்றனவா? காணொளிகளை மதிப்பிட நாம் பெரிதும் கையாளும் 'டிஸ்செர்ன்' கருவி, எழுத்து வடிவிலான சிகிச்சைத் தகவல்களுக்காக உருவாக்கப்பட்டது. அதன் 16 வினாக்களுள் தீங்குகளைப் பற்றியும் ஒரு வினா உண்டு. ஆயினும், கூட்டுத்தொகையை மட்டும் அட்டவணையில் இடும் நம் வழக்கத்தில் அது கரைந்துபோகிறது. சான்றுகளை அழகாக அடுக்கிவிட்டு, எவருக்கு ஆகாது என்பதை மட்டும் விழுங்கிவிட்ட காணொளி 'நம்பத்தக்கது' என்ற முத்திரையோடு நம் கட்டுரைகளில் இடம்பெறுகிறது.

எல்லா விலக்குகளையும் ஒரு காணொளியில் அடுக்க இயலாது என்பர். அடுக்க வேண்டியதில்லை. 'சிறுநீரக நோய் உடையவர்களும், நாள்தோறும் மாத்திரை உண்பவர்களும் மருத்துவரைக் கேளாமல் மாற்ற வேண்டாம்' என்று சொல்லப் பத்து நொடிகள் போதும். அந்தப் பத்து நொடிகளை விழுங்குவது நேரமின்மையன்று. தயக்கமின்றிப் பேசுபவரையே கூட்டம் நாடும் என்னும் கணக்கு.

முதியவரைக் குறைகூறுவது எளிது. மருத்துவமனையில் சில மணித்துளிகளில் அவர் கையில் ஆங்கிலச் சீட்டு திணிக்கப்படுகிறது. அவருடைய மொழியில், அவசரமின்றிப் பேசுவது அந்தக் காணொளி ஒன்றே. நாமோ அக்காணொளியைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதி, நமக்குள் மேற்கோள் காட்டிக்கொள்கிறோம்.

ஆய்வு நண்பர்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். விலக்கைக் கூறாத உணவுக் காணொளியை, பிற மதிப்பெண்கள் எவ்வளவாயினும், தேறாதது என்று எழுதுங்கள். உங்கள் முடிவுகளைத் தாய்மொழியிலும் பேசிப் பதிவிடுங்கள். முதல் வாக்கியம் 'இது எவருக்கு ஆகாது' என்பதாக இருக்கட்டும்.