மாலகாவில் தங்கலாம், எல்லா ராத்திரியும் வேண்டாம்

தெற்கு ஸ்பெயினுக்கு டூர் போகப் போவதாக யாராவது சொன்னால் போதும், ஏற்கெனவே போய் வந்தவர்கள் ஒரு யோசனையைத் தயாராக வைத்திருப்பார்கள். "மாலகாவில் ஒரு வாரத்துக்கு ரூம் போட்டுடு. தினமும் காலையில் பஸ்ஸைப் பிடி, ஒரு ஊர் பார், ராத்திரி திரும்பி வந்துடு." பெட்டியை ஒரே ஒரு முறை பிரித்தால் போதும், அலைச்சல் இல்லை, செலவும் குறைவு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கில் யாரோ ஒருவருடைய செலவு எழுதப்படாமலே விட்டுப் போயிருக்கிறது.

மாலகாவின் கதையே கொஞ்சம் வேடிக்கையானது. பல வருடங்களாக அந்த ஊருக்கு விமானத்தில் வந்தவர்கள் யாரும் ஊருக்குள் வரவில்லை! ஏர்போர்ட்டில் இறங்கினால் நேரே மேற்கே, கடற்கரை ஹோட்டல்களுக்குப் போய்விடுவார்கள். பக்கத்திலிருக்கும் தோர்ரெமொலினோஸில் 1959-ல் பெஸ் எஸ்பாதா என்ற சொகுசு ஹோட்டல் திறந்தது. அதற்குப் பிறகு கோஸ்தா தெல் சோல் (சூரியக் கடற்கரை என்று அர்த்தம்) முழுக்க வரிசையாகக் கட்டடங்கள் எழும்பின. மாலகா வெறும் வாசல்படிதான்.

இது மாறியது தானாக இல்லை. ஓவியர் பிக்காசோ 1881-ல் பிறந்த ஊர் இது. அந்தப் பெயரை வைத்து 2003-ல் பிக்காசோ மியூசியம் திறந்தார்கள். 2007 டிசம்பரில் மாட்ரிட்டிலிருந்து அதிவேக ரயில் வந்தது. 2015-ல் பாரிஸின் பொம்பிதூ சென்டர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளை திறந்தது, மேலே கலர் கலராய் ஒரு கண்ணாடிப் பெட்டியோடு. வாசல்படியாக இருந்த ஊர் கூடமாகிவிட்டது. 2024-ல் அந்த ஏர்போர்ட் வழியாகப் போய் வந்த பயணிகள் கிட்டத்தட்ட 2.5 கோடி. ஊரின் மக்கள்தொகை சுமார் 6 லட்சம்தான்.

ஊர் பார்க்க வேண்டிய ஊர்தான், அதில் சந்தேகமே இல்லை. 1951-ல் மண்ணுக்கடியிலிருந்து வெளிவந்த ரோமானியர் காலத்து நாடக அரங்கம், அதன் தலைக்கு மேலேயே முஸ்லிம் அரசர்கள் கட்டிய அல்கசாபா கோட்டை. கோட்டையைக் கட்டியவர்கள் கீழே இருந்த ரோமானியத் தூண்களையே எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள் (ரீசைக்கிளிங் என்பது புது விஷயம் இல்லை). இன்னும் மேலே ஏறினால் ஹிப்ரல்ஃபாரோ கோட்டை, அங்கிருந்து துறைமுகம் முழுவதும் தெரியும். கதீட்ரலை 1528-ல் ஆரம்பித்து, 1782-ல் வேலையை நிறுத்தினார்கள். இரண்டு கோபுரங்களில் ஒன்று இன்று வரை பாதியில்தான் நிற்கிறது. அதனால் ஊர்க்காரர்கள் செல்லமாக வைத்த பெயர், ஒற்றைக்கைக்காரி! சாயங்காலம் கிழக்கே பெத்ரெகலேஹோ கடற்கரைக்குப் போனால், பழைய படகில் மணல் நிரப்பி, அதில் விறகு மூட்டி, மூங்கில் போன்ற நாணல் குச்சியில் மத்தி மீனைக் கோர்த்துச் சுடுவார்கள். எஸ்பெத்தோ என்று பெயர். இதெல்லாம் இரண்டு நாளில், அவசரமில்லாமல் பார்த்துவிடலாம்.

பிரச்சினை மீதி ஐந்து ராத்திரிகள்தான்.

பகல் முழுக்க வேறு ஊரில் இருப்பவர் மாலகாவிடம் வாங்குவது என்ன? ஒரு கட்டில். ஆயிரக்கணக்கானவர்கள் அதே கட்டிலைக் கேட்டால், வீட்டுச் சொந்தக்காரர் என்ன செய்வார்? மாதச் சம்பளக்காரருக்கு வாடகைக்கு விடுவதை நிறுத்திவிட்டு, நாள் வாடகைக்கு விடுவார். அவரைத் திட்டிப் பயனில்லை, அது டிமாண்ட் செய்கிற வேலை. 2024 ஜூன் 29-ல் வீட்டு வாடகையை எதிர்த்து ஆயிரக்கணக்கான மாலகாவாசிகள் தெருவில் இறங்கினார்கள். 2025 ஜனவரியில் நகராட்சி 43 பகுதிகளில் புதிய சுற்றுலா வீடுகளுக்குத் தடை போட்டது. குடியிருப்புகளில் 8 சதவீதத்துக்கு மேல் ஏற்கெனவே சுற்றுலா வாடகைக்குப் போய்விட்ட பகுதிகள் அவை. காபியில் எவ்வளவு பால் என்பதற்கு ஏற்ப தனித்தனிப் பெயர் சொல்லி ஆர்டர் செய்யும் வழக்கத்துக்குப் பேர்போன கஃபே சென்ட்ரால், ஊரின் நட்டநடு சதுக்கத்தில் இருந்தது. 2022 ஜனவரியில் அதுவும் மூடப்பட்டது.

இப்போது அந்தப் பகல் பயணம் போகிற ஊரைப் பாருங்கள். ரோண்டாவை எடுத்துக்கொள்வோம். மலைமேல் ஊர், நடுவில் சுமார் 100 மீட்டர் ஆழப் பள்ளத்தாக்கு, அதன் மேல் 1793-ல் முடித்த புதுப் பாலம் (230 வருடம் ஆகியும் பெயர் புதுப் பாலம்தான்). மாலகாவிலிருந்து சுமார் இரண்டு மணி நேரப் பயணம். பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிறார்கள், பாலத்தில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு போட்டோ எடுக்கிறார்கள், ஒரு காபி, ஒரு ஃப்ரிட்ஜ் மேக்னட், திரும்ப பஸ். குப்பை அள்ளுவதும் பார்க்கிங் நெரிசலும் ரோண்டாவுக்கு. ரூம் வாடகை, ராத்திரிச் சாப்பாடு, காலை டிபன், மூன்றும் மாலகாவுக்கு. வரவு ஓர் ஊரில், பற்று இன்னோர் ஊரில்! மாலகாவுக்காவது லாபமா என்றால், வாடகை கட்ட முடியாமல் தவிப்பவர்களிடம் கேட்க வேண்டும்.

பயணிக்கும் இதில் நஷ்டம்தான். கடைசி பஸ் கிளம்பிய பிறகுதான் ரோண்டா ரோண்டாவாகிறது. வெயில் சாய்ந்து பாறை நிறம் மாறும் நேரத்தில், பகல் பயணிகள் நெடுஞ்சாலையில் தூங்கி வழிந்துகொண்டிருப்பார்கள். கிரனாடாவும் அப்படியே. அல்ஹம்ப்ராவில் நஸ்ரித் அரண்மனைக்கு டிக்கெட்டில் போட்ட நேரத்துக்குத்தான் நுழைய முடியும். அந்த ஒரு நேரத்தைச் சுற்றியே நாள் முழுக்க ஓட வேண்டியிருக்கும். எதிர் மேட்டில் நின்று அரண்மனை மீது அந்தி விழுவதைப் பார்க்காமலே திரும்புவார்கள். அதற்கா அவ்வளவு தூரம் போனது?

"அப்போ ரோண்டாவிலும் வாடகை ஏறாதா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஏறலாம். கிரனாடாவில் அந்தத் தலைவலி ஏற்கெனவே இருக்கிறது. அதனால்தான் வாடகை ஃபிளாட்டை விட, ஊர்க்காரர்கள் நடத்தும் சின்ன ஹோட்டலோ ஓஸ்தாலோ நல்லது. அங்கே ஒரு ரூம் எடுத்தால் யாருடைய வீடும் குறையப் போவதில்லை. ஸ்பெயினில் கடற்கரை நெரிகிறது, உள்நாட்டுச் சிற்றூர்களோ பல இடங்களில் ஆளில்லாமல் காலியாகிக்கொண்டிருக்கின்றன. ஒரு ராத்திரி, இரண்டு ராத்திரி அங்கே போனால் ஒரு சமையல்காரருக்காவது சொந்த ஊரிலேயே வேலை நிலைக்கும்.

சின்னக் குழந்தைகளோடு போகிறவர்களையும், மொத்தமே நான்கு நாள் லீவு கிடைத்தவர்களையும் இதில் சேர்க்க வேண்டாம். எல்லா ஊருக்கும் இது பொருந்தாது என்பதும் உண்மை. நெர்ஹா குகைக்கு (1959-ல் வௌவால் பிடிக்கப் போன ஐந்து பையன்கள் கண்டுபிடித்தது!) காலையில் போய் மாலையில் திரும்புவதில் தவறே இல்லை, 50 கிலோமீட்டர்தான். காமினீத்தோ தெல் ரே நடைபாதை வேறு விஷயம். நீர்மின் நிலையத் தொழிலாளர்களுக்காக 1905-ல் கட்டி முடித்த, செங்குத்துப் பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் பாதை. விபத்துச் சாவுகளுக்குப் பிறகு மூடிவைத்து, புதுப்பித்து 2015-ல் திறந்தார்கள். காலை ஸ்லாட்டுக்கு மாலகாவிலிருந்து அலறியடித்துக்கொண்டு எழுவதை விட, முதல் நாளே பக்கத்து ஆலோராவில் போய்ப் படுப்பது மேல்.

டூர் போகிறவர்கள் அதிகம் கண்டுகொள்ளாத அந்தெகேராவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐயாயிரம் வருடங்களுக்கு மேல் பழைய மெங்கா கல்லறை அங்கே இருக்கிறது, 2016-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. உள்ளே நின்று வாசலைப் பார்த்தால், தூரத்தில் படுத்திருக்கும் மனித முகம் போல ஒரு மலை தெரியும். அதைப் பார்த்தபடிதான் கட்டியிருக்கிறார்கள். மாலகாவில் மூன்று ராத்திரி, ரோண்டாவில் ஒன்று, கிரனாடாவில் இரண்டு, அந்தெகேராவில் ஒன்று. பெட்டியை நான்கு முறை பிரிக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.