சாலியேரி மீது படிந்த பழி

அழுக்காறு எல்லாத் தொழிலிலும் உண்டு. எனினும், கலைஞனின் அழுக்காறு தனித்தன்மை உடையது. பிறன் படைப்பின் உயர்வை முற்றும் உணரும் ஆற்றல் அவனுக்கே உண்டு. அவ்வுணர்வே அவனைச் சுடுகின்றது. இவ்வுண்மையை உலகிற்கு உணர்த்தப் புகுந்த இலக்கியங்கள் பலிகொண்ட மனிதர், இத்தாலிய இசைப் புலவர் அந்தோனியோ சாலியேரி.

1791 டிசம்பர் 5-இல் வியன்னா நகரில் மோட்சார்ட் மறைந்தார். அகவை 35. நஞ்சூட்டப்பட்டார் என்று வதந்தி எழுந்தது. பின்னாளில் முதுமையுற்று நோயில் வீழ்ந்த சாலியேரி, தாமே கொன்றதாகப் புலம்பினார் என்றும் ஊர் பேசிற்று. 1825-இல் அவர் இறந்தார். ஐந்தே ஆண்டுகளில் புஷ்கின் தம் கவிதை நாடகத்தில் அவர் கையில் நஞ்சைக் கொடுத்தார். 1979-இல் பீட்டர் ஷாஃபர் 'அமேடியஸ்' நாடகத்தில், போட்டியாளனை அழித்த குற்றவுணர்வால் வேகும் முதியவராக அவரைப் படைத்தார். 1984-இல் அது திரைப்படமாகி எட்டு ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது.

வரலாறு கூறுவது யாது? 1788-இல் வியன்னா அரசவையின் தலைமை இசைப் பதவியை எய்தியவர் சாலியேரி. பதவியும் புகழும் அவர் பக்கமே இருந்தன. அவர் தமக்குத் தடையாக நிற்பதாக மோட்சார்ட் கடிதங்களில் குறைபட்டதும் உண்மையே. ஆயினும், 1785-இல் இருவரும் பங்குகொண்டு இசையமைத்த பாடலொன்று பிராகா நகரில் கண்டெடுக்கப்பட்டு, 2016-இல் மீண்டும் இசைக்கப்பட்டது. 1791 அக்டோபரில் 'மந்திரப் புல்லாங்குழல்' இசைநாடகத்தைக் கண்ட சாலியேரி மனமாரப் பாராட்டியதை மோட்சார்ட்டே மனைவிக்கு எழுதினார். அவர் மறைந்தபின் அவருடைய இளைய மகனுக்கு இசை கற்பித்தவர்களுள் சாலியேரியும் ஒருவர். நஞ்சுக்குச் சான்றில்லை. தம்மைக் காண வந்த மாணவர் மோஷலஸிடம் அப்பழியைச் சாலியேரி மறுத்தும் இருக்கிறார்.

கற்பனை செய்யும் உரிமை படைப்பாளிக்கு உண்டென்பர். உண்டுதான். ஆனால், அழுக்காற்றின் கொடுமையைக் காட்டக் கற்பனைப் பெயர் ஒன்றே போதுமே! வாழ்ந்து மறைந்த ஒருவரின் பெயரைச் சூட்டும்போது கதை சாட்சியாக மாறிவிடுகின்றது. இறந்தவரோ மறுமொழி கூற இயலாதவர். பீத்தோவனுக்கும் ஷூபர்ட்டுக்கும் ஆசிரியராயிருந்தவரை இன்று உலகம் கொலைகாரராக மட்டுமே அறிகின்றது. அரங்கில் அமர்ந்திருப்போர்க்கோ, தம் நெஞ்சின் அழுக்காற்றை அவர் தலையில் ஏற்றிவிட்டுத் தூயவராய் வீடு திரும்பும் வசதி கிட்டுகின்றது.

வள்ளுவர் அழுக்காறாமைக்கு ஓர் அதிகாரமும் புறங்கூறாமைக்கு மற்றோர் அதிகாரமும் வகுத்தார். முன்னதைக் கற்பிக்கப் பின்னதை மீறலாகாது. நாடகத்தின் உளவியல் நுட்பத்தை மாணவர் வியக்கட்டும். அதனைப் பாடம் சொல்லும் ஆசிரியர், சாலியேரி குற்றமற்றவர் என்பதையும் அதே வகுப்பிலேயே சொல்லியாக வேண்டும்.